ஊட்டி குளிர்ல டீசல் கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, ஆனா உறைபனி கொட்டுற அன்னைக்கு மட்டும் ஒரே சாவில பிடிக்குது. எப்படிங்க?

மலைக்காத்து | டிசம்பர் 27, காலை 9.12

வணக்கம்ங்க. இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இப்பதான் மொத தடவ எழுதறேன். ஊட்டில இருக்கேன். 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1 லட்சத்து 14 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு, கம்பெனி பேரு வேணாம். காலைல 5.15க்கு எடுத்தாத்தான் குன்னூர்ல 6 மணி ஷிஃப்டுக்கு போக முடியும். நவம்பர் ஆரம்பிச்சதுல இருந்து ரோதனைதான். சாவிய திருப்புனா சர்ருனு பிடிச்சிடும், அப்பாடான்னு நெனைக்கறதுக்குள்ள ரெண்டு செகண்ட்ல அணைஞ்சிடும். அதுக்கப்பறம் 20, 25 செகண்ட் விட்டு விட்டு சுத்தணும், அப்பத்தான் வெள்ளையா பொகைய கக்கிட்டு உதறி உதறி எந்திரிக்கும். ஒரு தடவ சூடாயிட்டா அன்னிக்கு பூரா ஒரு குறையும் கெடையாது.

இங்க மெக்கானிக் அண்ணன் பேட்டரி வீக்குன்னாரு, புதுசு போட்டேன் 5,600 ரூபா. அப்பறம் குளோ பிளக்னாரு, குளிர்ல என்ஜின் உள்ள சூடு காட்டற பிளக்காம், நாலும் மாத்தியாச்சு. ஒரு மாத்தமும் இல்ல. இப்ப என்ஜினுக்குள்ள டீசல பீச்சற இன்ஜெக்டர கழட்டணுங்கறாரு, அங்கதான் பயந்துட்டேன். இதுல கூத்து என்னன்னா போன வாரம் புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி, தண்ணி டேங்க் மூடில ஐஸு, அன்னைக்கு வண்டி அரை சாவில ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சு வெறும் மூடுபனி, 8 டிகிரி இருக்கும், அன்னைக்கு மாட்டேன்னுடுச்சு. கோத்தகிரில மாமியார் வீட்ல போட்டாலும் தொந்தரவு இல்ல. வீட்டுக்காரி வண்டிக்கு திருஷ்டி சுத்தலாங்கறா.

டர்போதம்பி | டிசம்பர் 27, காலை 9.40

ப்ரோ 100% குளோ பிளக் தான். டூப்ளிகேட் போட்டிருப்பாங்க. இல்லன்னா டீசல் உறைஞ்சிருக்கும், ஊட்டில மைனஸ் போகுதுல்ல.

எக்ஸ்ஃபௌஜி | டிசம்பர் 27, காலை 10.25

தம்பி, டீசல் உறையறத நான் லே-ல பாத்தவன். ராணுவத்துல வண்டி ஓட்டுனேன். அங்க ராத்திரி டீசல் மெழுகு மாதிரி ஆகி ஃபில்டர அடைச்சுக்கும், சிவில் லாரிக்காரங்க டேங்குக்கு அடில கந்தல் துணிய கொளுத்தி சூடு காட்டுவாங்க, பாக்கற நமக்கு வயித்த கலக்கும். மண்ணெண்ணெய் கலக்கறதும் உண்டு. 2019 நவம்பர்லதான் இந்தியன் ஆயில் லடாக்குக்குன்னு தனியா குளிர்கால டீசல் விட்டாங்க, மைனஸ் 33 வரைக்கும் கட்டியாகாது.

ஆனா ஒண்ணு, டீசல் மெழுகு பிடிச்சா 25 செகண்ட் சுத்துனா சரியாயிடாது. சூடு காட்டணும், இல்ல வெயில் ஏறணும். இவரு வண்டி சுத்தச் சுத்த எந்திரிச்சிடுதே. அதுவுமில்லாம உறைபனி அன்னைக்குத்தானே மோசமா இருக்கணும்? தலைகீழா இருக்கு. ஊட்டி குளிருக்கு நம்ம சாதாரண டீசல் பொதுவா தாங்கிடும், எப்பவாவது தலைகுந்தா மாதிரி பள்ளத்துல ராவெல்லாம் வெளிய நின்னா கொஞ்சம் முரண்டு பண்ணலாம், அவ்வளவுதான். ரெயில்னு ஒரே குழாயில டீசல அழுத்தி வெச்சு எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பற இந்த புது காமன்ரெயில் வண்டில மண்ணெண்ணெய்ய மட்டும் கலந்துடாதீங்க. பம்புக்கு வழவழப்பு குடுக்கறதே டீசல்தான், அது போச்சுன்னா பம்பு போச்சு.

ஸ்பேனர்சாமி | டிசம்பர் 27, மதியம் 1.03

நான் கோயமுத்தூர்ல டீசல் பம்ப் பட்டறைல 18 வருசமா இருக்கேனுங்க. இன்ஜெக்டர் மேல கைய வெக்க விடாதீங்க. மொதல்ல நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க.

சுத்துற வேகம் எப்படி இருக்கு? பேட்டரி ராத்திரி ஓய்வுல எத்தன வோல்ட், சுத்தும்போது எவ்வளவுக்கு எறங்குது?

ரெண்டாவது ரொம்ப முக்கியம். வெள்ளப் பொகைன்னீங்களே, அது சுத்திக்கிட்டு இருக்கும்போதே சைலன்சர்ல வருதா, இல்ல பிடிச்சதுக்கப்பறம் வருதா? ஒரு ஆள பின்னாடி நிக்க வெச்சு பாக்கச் சொல்லுங்க, நீங்க சீட்ல இருந்துக்கிட்டு கண்ணாடில பாத்தது கணக்குல சேராது. சுத்தும்போதே பொகை வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா எரியல, அது குளோ பிளக், கம்ப்ரஷன் பக்கம். பொகையே வரலன்னா டீசலே போகல. ரெண்டும் வேற வேற சீக்கு. எங்க பட்டறைக்கு வர்ற பாதிப் பேரு இத பாக்காமயே பத்தாயிரம் செலவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க.

மூணாவது, உறைபனி அன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?

மலைக்காத்து | டிசம்பர் 28, காலை 7.50

சாமிண்ணா, இன்னைக்கு காலைல பையன எழுப்பி டார்ச்சோட பின்னாடி நிக்க வெச்சேன், குளிர்ல திட்டிக்கிட்டே நின்னான். சுத்தும்போது பொகையே இல்லயாம், சுத்தமா. கடைசில பிடிச்சப்பதான் புஸ்ஸுனு ஒரு வெள்ள மேகம். நான் ரெண்டையும் ஒண்ணா நெனச்சு எழுதிட்டேன், மன்னிக்கணும்.

பேட்டரி 12.6 வோல்ட், சுத்தும்போது 10.4. நல்லா வேகமாத்தான் சுத்துது.

உறைபனி அன்னைக்கா... பக்கத்து வீட்டு ஷெட்ல போட்டேன்ணா. கண்ணாடில ஐஸ் பிடிச்சுக்கும், சொரண்டிட்டு இருந்தா ஷிஃப்டுக்கு லேட்டாயிடும், அதனால வானம் தெளிவா இருந்து ராத்திரி பனி விழும்னு தெரிஞ்சா அவங்ககிட்ட கேட்டு உள்ள விட்டுடுவேன். ஷெட்டுக்கு மூணு பக்கம் தகரம், முன்னாடி தொறந்துதான் கெடக்கும். கொஞ்சம் கதகதப்பா இருந்திருக்குமோ?

டர்போதம்பி | டிசம்பர் 28, காலை 8.15

அதான் ப்ரோ! ஷெட்ல சூடு, வெளிய குளிர். சிம்பிள். குளோ பிளக் ரிலே செக் பண்ணுங்க.

ஸ்பேனர்சாமி | டிசம்பர் 28, காலை 11.30

தம்பி அவசரப்படாதீங்க. முன்னாடி தொறந்த தகர ஷெட்டு என்ன பெரிய சூடு குடுத்துரும், ரெண்டு டிகிரி? உறைபனி அன்னைக்கு ஷெட்டுக்குள்ள எப்படியும் 4, 5 தான் இருந்திருக்கும். மூடுபனி அன்னைக்கு வெளிய 8. குளிருதான் காரணம்னா 8 டிகிரில ஏன் முரண்டு பண்ணுது?

பேட்டரி அருமையா இருக்குது. சுத்தும்போது 9.6க்கு கீழ போனாத்தான் கவலைப்படணும். பேட்டரிக்கு சளி பிடிக்கறது உண்மைதான், 0 டிகிரில அதோட தள்ளுற சக்தி மூணுல ஒரு பங்கு கொறஞ்சிடும், மைனஸ் 18ல பாதிக்கு மேல காலி. ஆனா இவருக்கு அந்தக் கதையே இல்லீங்க. பழசையும் ஒரு மீட்டர் வெச்சு பாத்திருக்கலாம்.

பொகை இல்லாம 25 செகண்ட் சுத்துதுன்னா டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல எங்கியோ காத்து. மொதல்ல ரெண்டு செகண்ட் பிடிச்சு அணையுதுன்னீங்களே, அது பம்புக்குள்ள மிச்சம் இருந்த ஒரு வாய் டீசல். அது தீந்ததும் காத்து வருது, காத்த அமுக்கி ரெயில்ல பிரஷர் ஏத்த முடியாது. பிரஷர் சுமாரா 200 பார் அளவுகிட்ட வந்தாத்தான் கம்ப்யூட்டரு இன்ஜெக்டரயே தொறக்கும், அதுவரைக்கும் மோட்டார் சும்மா சுத்திக்கிட்டேதான் கெடக்கும்.

இப்ப சொல்லுங்க, உங்க வீட்டு வாசல் சமதளமா, சாய்வா? வண்டி மூக்கு எந்தப் பக்கம்?

மலைக்காத்து | டிசம்பர் 28, மதியம் 12.05

அண்ணா ஒரு நிமிசம் அப்படியே ஒக்காந்துட்டேன். எங்க வீடு மேட்டு மேல. ரோட்டுல இருந்து நேரா ஏத்தி நிறுத்துவேன், மூக்கு மேல பாத்து நிக்கும், நல்ல சாய்வு, கைப்பிரேக் போட்டு பின் சக்கரத்துக்கு கல்லும் வெப்பேன். பக்கத்து வீட்டு ஷெட்டு தட்டையா இருக்கும். மாமியார் வீட்டு வாசலும் தட்டைதான்.

கேத்திகேரட் | டிசம்பர் 28, மதியம் 12.40

ஊட்டிக்காரன் எவனாவது வண்டிய மேல பாத்து நிறுத்துவானா??

எங்கப்பா காலத்துல இருந்து பிக்கப் வெச்சு கேரட் ஏத்தி மேட்டுப்பாளையம் ஓட்டுறோம். ராத்திரி வண்டிய எப்பவும் எறக்கத்த பாத்துத்தான் போடணும்னு சின்ன வயசுலயே காத திருகி சொல்லிக் குடுத்தாங்க. காலைல பேட்டரி மக்கர் பண்ணா ரெண்டாவது கியர்ல போட்டு உருட்டி கிளட்ச விட்டா எந்திரிச்சிடும். தள்ள ஆள் தேட வேண்டியதில்ல. இப்ப வர்ற பசங்க ரிவர்ஸ் எடுக்க சோம்பேறித்தனப்பட்டு நேரா ஏத்திடறாங்க.

ஸ்பேனர்சாமி | டிசம்பர் 28, மதியம் 2.10

கேத்தி அண்ணன் சொன்னது உருட்டி எடுக்கறதுக்கு, ஆனா இங்கயும் அதேதான் மருந்து பாருங்க. டேங்க் பின் சீட்டுக்கு அடில இருக்குது. மூக்கு மேல இருந்தா என்ஜின் ஒசரத்துல, டேங்க் பள்ளத்துல. ஸ்ட்ராவுல ஜூஸ உறிஞ்சி மேல விரல வெச்சு மூடுனா ஜூஸ் நிக்குதுல்ல, விரல எடுத்தா சொய்ங்குனு எறங்கிடும். உங்க டீசல் லைன்ல எங்கியோ அந்த விரலு சரியா மூடல. ராத்திரி பூரா டீசல் சொட்டு சொட்டா டேங்குக்கே திரும்பிடுது. மூக்க கீழ பாத்து போட்டீங்கன்னா என்ஜின் பள்ளத்துல, டீசல் அங்கயே நிக்கும்.

இதுல பலபேரு ஏமாறறது எங்கன்னா, அடில ஒரு சொட்டு டீசல் ஒழுகி இருக்காது. அந்த எடத்துல லைன் உறிஞ்சற பக்கம், அதனால டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். தரைய பாத்துட்டு லீக் இல்லைன்னு சொல்லிடுவாங்க.

அப்ப குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயான்னா இருக்குது. லைன் இணைப்ப மூடற ரப்பர் வளையம், ஓ-ரிங், குளிர்ல வெறைச்சு சுருங்கிக்கும். வெயில்ல, என்ஜின் சூட்டுல திரும்ப உப்பி மூடிக்கும், அதான் பகல்ல ஒண்ணும் தெரியல.

இன்னிக்கு ராத்திரி பைசா செலவில்லாம ஒரு சோதனை. ரிவர்ஸ்ல ஏத்தி மூக்க கீழ பாத்து போடுங்க. நாளைக்கு ராத்திரி பழையபடி மேல பாத்து போடுங்க, ஆனா காலைல சாவி போடறதுக்கு முன்னாடி பானட்ட தொறந்து ஃபில்டர்கிட்ட கருப்பா ஒரு ரப்பர் பல்பு இருக்கும், பிரைமர், அத கெட்டியாகற வரைக்கும் அமுக்கிட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க. எல்லா வண்டிலயும் இருக்காது, டேங்குக்குள்ளயே கரண்ட் பம்பு இருக்கற வண்டின்னா வேற மாதிரி பாக்கணும். ஆமா, டீசல் ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனீங்க?

மலைக்காத்து | டிசம்பர் 28, மாலை 6.20

பல்பு இருக்குண்ணா. ஃபில்டர் அக்டோபர் கடைசில சர்வீஸ்ல மாத்துனது.

ஸ்பேனர்சாமி | டிசம்பர் 28, மாலை 6.31

😀 அக்டோபர் கடைசில ஃபில்டர், நவம்பர்ல குளிரு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, எல்லாரும் குளிர பிடிச்சுக்கிட்டீங்க.

குளிர்நாட்டான் | டிசம்பர் 28, இரவு 8.47

நல்ல இழை. நான் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோ. எனக்கும் போன வருசம் இப்பிடி ஒரு விசர்க் கதை நடந்தது, இது பெற்றோல் கார். ஸ்னோ அள்ளுறதுக்காக காரை ஸ்டார்ட் பண்ணி ஒரு இருபது அடி பின்னுக்கு எடுத்திட்டு உடன நிப்பாட்டிப்போட்டன். அள்ளி முடிச்சு உள்ள போய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாச்சு. விடிய மைனஸ் 22. கார் சுத்துது சுத்துது, பத்தவே இல்லை. பற்றரி புதுசு. மனிசி வேலைக்கு பஸ்ஸில போய் இறங்கிறவரைக்கும் ரெலிபோனில பேச்சு.

பிறகுதான் விளங்கினது. குளிருக்குள்ள ஸ்டார்ட் பண்ணேக்க கம்ப்யூட்டர் பெற்றோலை கூட அடிக்கும். எஞ்சின் சூடாக முதலே நிப்பாட்டினா எரியாத பெற்றோல் பிளக்கில ஈரமா நிண்டிடும், அடுத்த முறை பொறி வராது. அக்ஸிலரேற்றரை அடிமட்டும் மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு சுத்தினா கனக்க கார்களில பெற்றோல் அடிக்கிறது நிண்டு வெறும் காத்து போய் காயும். அப்பிடி பத்து செக்கன் சுத்திப்போட்டு காலை எடுத்தன், இருமி இருமி எழும்பினது. இப்ப காரை நகர்த்தினா சூடாகும் மட்டும் ஓடவிட்டுத்தான் நிப்பாட்டுறது.

இஞ்ச இன்னொரு சனியன் றோட்டில கொட்டுற உப்பு. எர்த் கேபிள் நட்டெல்லாம் பச்சையா பூத்துப் போகும், பற்றரியில 12.6 காட்டும், சுத்தேக்க டிக் டிக் எண்டு மட்டும் சத்தம். பற்றரியின்ர மைனஸ் முனையில ஒரு வயர், எஞ்சின் உடம்பில ஒரு வயர் வச்சு சுத்தேக்க மீற்றரைப் பாருங்கோ, அரை வோல்ற்றுக்கு மேல காட்டினா கேபிள்தான் கள்ளன். என்ர சிநேகிதப் பொடியன் இதைப் பாக்காமல் ரெண்டு பற்றரி வாங்கினவன்.

டர்போதம்பி | டிசம்பர் 28, இரவு 9.30

ஓகே நான் குளோ பிளக்க விடல. சாமிண்ணா சொல்றது நடந்தா நாளைக்கு டீ என் செலவு. ஆனா ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சா உடனே தெரிஞ்சிடாதா?

எக்ஸ்ஃபௌஜி | டிசம்பர் 28, இரவு 9.44

டீசல் வண்டில குளோ பிளக் பழுக்கக் காய்ஞ்சு நிக்கும்போது அந்த ஸ்ப்ரே, ஈதர்தான் அது, அடிச்சா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். ராடு வளைஞ்ச கதை எல்லாம் இருக்கு. வேணாம் தம்பி.

மலைக்காத்து | டிசம்பர் 29, காலை 5.21

ஒரே சாவி!!! மூக்கு கீழ. 5 டிகிரி. கெளம்பறேன், சாயங்காலம் எழுதறேன்.

மலைக்காத்து | டிசம்பர் 30, காலை 8.35

நேத்து ராத்திரி திரும்ப மேல பாத்து போட்டேன். காலைல பானட்ட தொறந்து அந்த பல்ப தொட்டா பழுத்த தக்காளி மாதிரி கொழகொழன்னு இருக்கு. அமுக்க அமுக்க மொதல்ல புசுபுசுன்னு காத்து சத்தம், ஒரு பன்னெண்டு தடவ அமுக்குனதும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. சாவி போட்டேன், அணையாம பிடிச்சிடுச்சு. பையன் பின்னாடி நின்னு கைதட்டறான். வீட்டுக்காரி மட்டும் திருஷ்டி சுத்துனதாலதான்னு சொல்றா, நேத்து எனக்குத் தெரியாம எலுமிச்சம்பழம் வெச்சிருக்கா.

ஆனா ஸ்டார்ட் ஆனப்பறம் ஒரு அரை நிமிசம் லேசா உதறுதுண்ணா, கொஞ்சம் வெள்ளப் பொகையும் வருது. அது இன்னும் போகல.

ஸ்பேனர்சாமி | டிசம்பர் 30, காலை 10.15

மெக்கானிக்க கூப்பிட்டு ஃபில்டர்ல இருந்து பம்புக்கு போற எடத்துல ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் ஓஸ் போடச் சொல்லுங்க, டீசலுக்குன்னு இருக்கற ஓஸு, மீன் தொட்டி ஓஸ் வேணாம். குமிழி ஓடறது கண்ணுக்கே தெரியும். அப்பறம் ஃபில்டர் மூடில இருக்கற ஓ-ரிங், கனெக்டர் உள்ள இருக்கற ஓ-ரிங், தண்ணி எறக்கற திருகு, மூணையும் பாக்கச் சொல்லுங்க. அவர குத்தம் சொல்லி சண்ட போடாதீங்க, கூட நின்னு பாருங்க போதும்.

அந்த உதறல பத்தி. ஊட்டி 2,240 மீட்டர். குளிர விடுங்க, காத்தே அங்க கம்மி, கடல் மட்டத்துல இருக்கற அழுத்தத்துல முக்காலுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். டீசல்ல ஸ்பார்க் பிளக் கெடையாது, காத்த அமுக்கி வர்ற சூட்டுலதான் எரியணும். அமுக்கறதுக்கு காத்தே கம்மின்னா சூடும் கம்மி. எங்க ஊர்ல ஒரு குளோ பிளக் செத்தாக்கூட தெரியாது, உங்க ஊர்ல ஒடனே தெரியும். டர்போதம்பி பக்கம் ஒரு ஓட்டு போடறேன், கிளாம்ப் மீட்டர் வெச்சு குளோ பிளக்குக்கு எத்தன ஆம்பியர் போகுதுன்னு பாக்கச் சொல்லுங்க.

டர்போதம்பி | டிசம்பர் 30, காலை 10.17

🙏🙏🙏

மலைக்காத்து | ஜனவரி 2, மாலை 7.05

முடிஞ்சுதுங்க. ஓஸ் போட்டு பாத்தா சோடா பாட்டில தொறந்த மாதிரி குமிழி. ஃபில்டர் மூடிய கழட்டுனா, புது ஃபில்டர் போட்டவங்க பழைய ஓ-ரிங்கையே திரும்ப போட்டிருக்காங்க, அதுவும் ஒரு எடத்துல மடங்கி பல்லு பட்ட மாதிரி வெட்டு. கைல எடுத்து ரெண்டு வெரலால அமுக்குனேன், பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, வளையவே மாட்டேங்குது. பெட்டில வர்ற புது ரிங்கு எங்க போச்சுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். புது ரிங்கு 40 ரூபா. டீசல் தடவி ஒக்கார வெச்சோம்.

குளோ பிளக்கும் பாத்தாச்சு, சாமிண்ணா சொன்ன மாதிரி கிளாம்ப் மீட்டர்ல. ஒவ்வொண்ணுக்கும் சுமாரா 10 ஆம்பியர் போகுது, நாலாவதுக்கு மட்டும் பூஜ்யம். பிளக் நல்லாதான் இருக்கு, மேல வயர் நட்டு கைலயே சுத்துது, முறுக்காமயே விட்டுட்டாங்க. முறுக்குனதும் உதறல் போச்சு. டர்போதம்பி, பாதி உங்களுக்குத்தான் சேரும்.

ரெண்டு ராத்திரி வேணும்னே மேல பாத்து போட்டு பாத்தேன். இன்னைக்கு காலைல வாசல்லயே உறைபனி, ஷெட்ல போடல, கண்ணாடிய பழைய ஏடிஎம் கார்டால சொரண்டிட்டு சாவி போட்டேன், ஒரே சுத்து.

கேத்திகேரட் | ஜனவரி 2, இரவு 8.12

சந்தோசம்ங்க. இருந்தாலும் கீழ பாத்தே போடுங்க.

ஸ்பேனர்சாமி | ஜனவரி 2, இரவு 8.30

பழைய பேட்டரி என்னாச்சு? இருக்குதுன்னா சார்ஜ் போட்டு பாருங்க.

மலைக்காத்து | ஜனவரி 2, இரவு 8.41

மெக்கானிக் அண்ணன் எக்ஸ்சேஞ்சுல 900 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டாருண்ணா. நேத்து அவரு கடைக்கு போனப்ப பாத்தேன், அவரு கார்ல இருக்கு.